இன்னும் பெயர் வைக்கவில்லை

ஊரில் வருத்தங்களுக்குப் பெயர் இருந்தது. செங்கண்மாரி, கூகைக்கட்டு, கொப்புளிப்பான், நெருப்புக்காய்ச்சல் என்று ஆளைக் கண்டவுடனேயே சொல்லக்கூடிய பெயர்கள். பெயரைச் சொன்னால் போதும். என்ன தின்னலாம், என்ன தின்னக்கூடாது, எத்தனை நாள் தலைமுழுகக்கூடாது, வாசலில் வேப்பிலை கட்டுவதா இல்லையா என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். வந்த வருத்தம் மாறும், அல்லது ஆளைக் கொண்டுபோகும். மாறாமலும் கொல்லாமலும், வந்துவிட்டதா இல்லையா என்றுகூடத் தெரியாமலும் வீட்டுக்குள் இருந்துகொண்டிருக்கும் ஒரு வருத்தத்தைப் பற்றி எங்கள் தாய் தகப்பன் எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமுமில்லை.

எங்கள் மகளுக்கு லூபஸ் என்ற வருத்தம் இருக்கலாம் என்று முதன்முதலில் எழுத்தில் கண்டது 2019 மாசியில், ஸ்காபரோவில். 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லோடு இன்றுவரை குடித்தனம் நடத்துகிறோம். நாங்கள் என்றால் தாயும் தகப்பனும். ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டி, வெட்டியதை முதலாமவர் திரும்பவும் எழுதி, ஒருவாறு முடித்திருக்கிறோம். மகளிடம் அனுமதி கேட்டோம். தன் பெயரைப் போடக்கூடாது என்றாள், மற்றதெல்லாம் போடலாமாம்.

தொடங்கியது 2018 கார்த்திகையில். அவளுக்கு அப்போது 12 வயது. பள்ளிக்கூடத்தால் வந்து கையுறையைக் கழற்றினால் விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நீலம், பிறகு சிவப்பு. இந்தக் குளிரில் யாருக்குத்தான் கை விறைக்காது என்று சொல்லிக்கொண்டோம். விரல்களின் இந்த நிறமாற்றத்தை 1862 இல் மோரிஸ் றேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்து எழுதியிருக்கிறார் என்பதும், அதற்கு அவருடைய பெயரே வழங்குகிறது என்பதும் பிறகு அறிந்த சங்கதிகள். தையில் முழங்கால் நொந்தது. காலமையில் படியிறங்கக் கைபிடிச் சுவரைப் பிடித்தாள். பின்னேரங்களில் லேசான காய்ச்சல். நெற்போல் ஆடுகிற பிள்ளை பந்தைத் தொடாமல் படுத்துக் கிடந்தாள். நாங்கள் போகும் குடும்ப வைத்தியர், வளர்கிற வயதில் வருகிற நோ என்று இரண்டு தரம் திருப்பியனுப்பினார். மூன்றாந்தரம் இரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார்.

அந்த அறிக்கையில் ஏ.என்.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு நேரே 1:160 என்று இருந்தது. எங்களை மாதங்களாக ஆட்டிவைத்த இலக்கம் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். உடம்பிலுள்ள கலங்களின் கருவையே தாக்கக்கூடிய எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உண்டா என்று பார்க்கிற சோதனை இது. இரத்த நீரை ஐதாக்கிக்கொண்டே போகிறார்கள். 160 மடங்கு ஐதாக்கிய பின்னும் அந்தப் பொருள் நுணுக்குக்காட்டியில் ஒளிர்கிறது என்பதுதான் 1:160 இன் பொருள். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தச் சோதனை ஆம் என்றே சொல்லும். ஆனால் ஆம் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் லூபஸ் இல்லை. பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்து 1997 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு வருத்தமும் இல்லாத நல்ல சுகதேகிகளிலேயே நூற்றுக்கு 13 பேருக்கு 1:80 இலும், 5 பேருக்கு 1:160 இலும் இது ஒளிர்ந்திருக்கிறது. இல்லை என்று சொல்லும்போதுதான் இந்தச் சோதனையின் பேச்சை நம்பலாம். எங்களுக்கு அது ஆம் என்றிருந்தது.

2019 இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கங்கள் சேர்ந்து லூபஸை வகைப்படுத்த ஒரு விதி வகுத்தன. ஆய்வுகளுக்காக வகுத்த விதி என்றாலும் நாங்கள் அதைச் சோதனைத்தாள்போல வைத்துக்கொண்டு இருந்தோம். 1:80 என்பது படலையைத் திறக்க மட்டும். உள்ளே போனபின் காய்ச்சலுக்கு இத்தனை, மூட்டுக்கு இத்தனை, சிறுநீரில் புரதம் போனால் இத்தனை என்று புள்ளிகள் உண்டு. பத்து வந்தால் லூபஸ். மகளுக்குப் பத்து வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடக்கம் பிள்ளைகளுக்குப் புள்ளி கூடவேண்டுமென்று நேர்த்தி வைத்த சனம் நாங்கள். இந்த ஒரு சோதனையில் மட்டும் புள்ளி குறையவேண்டும் என்று கும்பிட்டோம்.

இந்த வருத்தத்தை விட எங்களை அதிகம் குடைந்தது வேறொன்று. குடும்ப வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பது மகள்தான். எங்களில் ஒருவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஆங்கிலம். மற்றவர் நாற்பது வயதுக்குப் பிறகு ஆங்கில வகுப்புக்குப் போனவர். அன்றைக்கு வைத்தியர் ஐந்து நிமிடம் கதைத்தார். அவள் ஒரு வரியில் சொன்னாள்:

"இரத்தத்திலை சின்னப் பிரச்சினையாம் அம்மா. வேறை டொக்டரிட்டைக் காட்டட்டாம்."

பதினொரு நாள் கழித்து, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தபோதுதான் லூபஸ் என்ற சொல்லும், அதற்கு முன்னால் 'இருக்கலாம்' என்ற சொல்லும் எங்கள் கண்ணில் பட்டன. அவள் அன்றைக்கு இரவே கணினியில் தேடி எல்லாவற்றையும் வாசித்திருந்தாள். சிறுநீரகத்தைப் பற்றியும் வாசித்திருந்தாள். "அம்மா அழுவா, அப்பா வேலைக்குப் போகமாட்டார். அதுதான் சொல்லேல்லை" என்றாள். பதினொரு நாளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகள் செய்யும் ஊழியம் இது. வங்கிக் கடிதம், வாடகைக் கடிதம், வரிக் கடிதம், இமிகிரேசன் கடிதம் எல்லாம் அவர்கள் வாயால்தான் எங்களுக்கு வந்து சேருகின்றன. கெட்ட செய்தியைத் தாய் தகப்பனுக்கு எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு மறைக்கலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அதோடு அவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது. மற்றக் கடிதங்களில் அது போகட்டும். தன்னுடைய வருத்தத்தைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை, நோயாளியாக இருக்கும் உரிமையை இழந்துவிடுகிறது. பயப்படவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது, இடையில் நிற்கும் ஆளாகிவிடுகிறது. ஆகவே பெரிய வைத்தியசாலைக்குப் போனபோது நாங்கள் கேட்ட முதற்காரியம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்பதுதான். கிடைத்தார். மகள் கதிரையில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பிள்ளையாகக் கண்டோம்.

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, சென் ஜோர்ஜில் மாறி, குயின்ஸ் பார்க்கில் இறங்கினால் யூனிவேர்சிற்றி அவெனியூ. தெருவின் இரண்டு பக்கமும் வைத்தியசாலைகள். பிள்ளைகளுக்கான சிக் கிட்ஸ் வைத்தியசாலையும் அங்கேதான். 1875 இல் எலிசபெத் மக்மாஸ்ரர் என்ற பெண்மணியும் தோழிகளும் பதினொரு அறை கொண்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆறு இரும்புக் கட்டில்களோடு தொடங்கியது அது.

வைத்தியர் பொறுமைசாலி. இந்த வருத்தம் எப்படிப்பட்டது என்று படம் கீறி விளக்கினார். மொழிபெயர்ப்பாளர், எங்களைப்போல வடக்கிலிருந்து வந்த நடுத்தர வயதுக்காரர், தமிழில் இப்படிச் சொன்னார்: "உடம்பிலை இருக்கிற பாதுகாப்புப் படையள் இருக்கெல்லே, அதுகள் சொந்தச் சனத்தையே எதிரியெண்டு நினைச்சு அடிக்குதுகள்." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிறுத்தினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியர் என்னவென்று கேட்டார். பாதுகாப்புப் படை என்ற சொல் எங்கள் காதில் என்னவாக விழும் என்பதையும், காக்க வந்தவர்கள் சொந்தச் சனத்தை எதிரியாகக் காண்பது எங்கள் வரலாற்றில் எத்தனை தரம், எத்தனை பக்கத்தால் நடந்தது என்பதையும் அவருக்கு எங்கே தொடங்கிச் சொல்வது? விளங்கிவிட்டது என்று மட்டும் சொன்னோம். உண்மையில் நன்றாகவே விளங்கியிருந்தது.

உடம்பு தன்னைத் தானே தாக்காது என்றுதான் முந்தி விஞ்ஞானிகள் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் அறிஞர் போல் ஏர்லிக், உடம்பு அப்படிச் செய்ய அஞ்சும் என்று எழுதினார். அரை நூற்றாண்டு காலம் அவருடைய சொல்லே வேதவாக்கு. 1956 இல் நோயல் றோஸ், ஏர்ன்ஸ்ற் விற்றெப்ஸ்கி என்ற இருவர், முயலின் உடம்பு தன் சொந்தத் தைரொயிட் சுரப்பிக்கு எதிராகவே கிளம்பக்கூடும் என்று காட்டினார்கள். அதை அவர்கள் செய்துகாட்டிய இடம் பஃபலோ நகரம். எங்களில் ஒருவர் 1999 இல் கனடாவுக்குள் நுழைவதற்காக, எல்லைக்கு அந்தப் பக்கம் பையோடு காத்திருந்ததும் அதே ஊரில்தான்.

காத்திருப்பு எங்களுக்குப் புதிதில்லை. அகதி விசாரணைக்குத் திகதி வரும்வரை, நிரந்தர வதிவிடப் பத்திரம் வரும்வரை, ஸ்பொன்சர் சரிவரும்வரை காத்திருந்தோம். ஆனால் அவற்றின் முடிவில் ஆம் அல்லது இல்லை என்று ஒரு கடிதம் வரும் என்ற நிச்சயம் இருந்தது. இங்கே வைத்தியர் சொன்னது வேறு. இது லூபஸாக மாறலாம், வேறொன்றாக மாறலாம், இப்படியே இருக்கலாம், ஒருநாள் இல்லாமலே போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பார்ப்போம் என்றார். சிறுநீரைப் பார்ப்பதன் காரணத்தையும் மறைக்கவில்லை. லூபஸ் வந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் மருந்தால் காப்பாற்றலாம். நோ ஒன்றும் தெரியாமலே அது நடக்கும் என்பதால்தான் போத்தல்.

அந்தத் தெருவில் நடக்கும்போது எங்களுக்கு ஒரு தகப்பனின் நினைவு வரும். நீரிழிவில் பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகையும் உடம்பு தன்னைத் தானே தாக்குவதால் வருவது. சிக் கிட்ஸுக்கு நேரெதிரேயுள்ள ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 1922 தை 11 ஆம் திகதி, லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். நிறை 65 இறாத்தலுக்கு இறங்கிச் சாகக் கிடந்த பிள்ளை. அதுவரை எந்த மனிதருக்கும் நோய்க்கு மருந்தாக ஏற்றிப் பார்க்காத அந்தச் சாற்றை ஏற்றத் தகப்பன் சம்மதித்தார். முதல் ஊசி சரிவரவில்லை, சாறு சுத்தமில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, கொலிப் என்ற இரசாயனவியலாளர் சுத்திகரித்த சாற்றை ஏற்றியபோது பிள்ளை எழும்பினான். 1935 வரை உயிரோடிருந்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தத் தகப்பன் எப்படி நித்திரை கொண்டிருப்பார் என்று எங்களில் ஒருவர் கேட்பார். கொண்டிருக்கமாட்டார் என்று மற்றவர் சொல்வார்.

மகளுக்குத் தந்தது ஊசியில்லை, ஒரு குளிசை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்று பெயர். மருந்துக்கடைக்காரர் பெயரைச் சொன்னவுடன் எங்களில் ஒருவர் திடுக்கிட்டார். 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் வெளிக்கிட்டு, 1996 இல் வன்னிக்குப் போய் அக்கராயனில் இருந்தவர் அவர். அங்கே மரத்துக்கு மரம் மலேரியா. மருந்துப் பொருட்களுக்கும் கட்டுப்பாடு இருந்த காலம். கிடைத்த குளோரோகுயினைப் பனங்கட்டியோடு விழுங்குவார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கூடப்பிறந்த மருந்துகள். இதில் ஓர் ஒட்சிசன் அணு அதிகம், அவ்வளவுதான்.

மலேரியாக் குளிசைக்கும் இந்த வருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் படித்தோம். இரண்டாம் உலகப்போரில் மலேரியாவைத் தடுக்க மெப்பகிரின் என்ற மஞ்சட் குளிசையைச் சிப்பாய்கள் விழுங்கினார்கள். சிலருக்குத் தோலிலிருந்த தடிப்பும் மூட்டு நோவும் குறைவது தெரிந்தது. 1951 இல் பேஜ் என்ற ஆங்கிலேய வைத்தியர் லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை எழுதினார். 1955 இல் இப்போதைய குளிசை அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. எந்த நுளம்புக்காக எங்கள் சனம் அந்த வகைக் கசப்பை விழுங்கியதோ, அந்த நுளம்பின் நோய் இலங்கையில் இல்லை என்று 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கசப்பு மட்டும் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒருநாள் மகள் தண்ணீர் குடிக்கச் சுணங்கியதில் குளிசை நாக்கில் கரைந்துவிட்டது. அவள் முகம் சுளித்ததைப் பார்த்து, இது எனக்குத் தெரிந்த முகம் என்றார் அக்கராயனில் இருந்தவர்.

2020 பங்குனியில் கொரோனாவுக்கு இதுதான் மருந்து என்று அமெரிக்க ஜனாதிபதி தொலைக்காட்சியில் சொன்னார். மருந்துக்கடைகள் ஒரு மாதத்துக்குமேல் குளிசை தரவில்லை. வீட்டில் எத்தனை இருக்கிறதென்று ஒவ்வோர் இரவும் மேசையில் கொட்டி எண்ணினோம். வன்னியில் பழகிய கணக்கு. அது கொரோனாவுக்கு உதவாது என்று ஆனியில் பிரித்தானியாவின் பெரிய பரிசோதனை ஒன்று நிறுவிய பிறகுதான் மூச்சு வந்தது.

சொந்தக்காரருக்குச் சொல்வதா என்ற கேள்வி குளிசையைவிடக் கசப்பு. வளர்ந்தவர்களில் லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வெள்ளையரைவிடத் தெற்காசியர், கறுப்பினத்தவர், சீனர் ஆகியோரிடையே கூடுதலாக வருகிறது. அப்படியானால் இந்த நகரத்தில் இவ்வளவு தமிழ்ச்சனத்துக்குள் எங்களைப்போல எத்தனையோ வீடுகள் இருக்கவேண்டும். ஒரு வீட்டையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்: பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு கலியாணம் பேசவேண்டும். ஊரிலிருந்து மாமி தொலைபேசியில் அதையே சொன்னார். "வாயைத் திறந்திடாதை பிள்ளை. ஏழரைச் சனி முடிய எல்லாம் சரிவரும்."

பெயரில்லாத வருத்தத்தை ஒளிப்பது சுகம். ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய்யுமில்லை. ஆனால் ஒளிப்பதற்கு வீட்டில் எல்லோரும் காவல் இருக்கவேண்டும். யார் வந்தாலும் குளிசைப் போத்தலை அலுமாரிக்குள் வைக்கவேண்டும்; வெயிலில் ஏன் நீளக்கைச் சட்டை என்று கேட்டால் ஒரு கதை வேண்டும். வெட்கப்படவேண்டிய ஏதோ தன் உடம்பில் இருக்கிறது என்று பிள்ளை இவற்றிலிருந்துதான் படிக்கும். இரத்தப் பரிசோதனை சொல்லாத தீர்ப்பை வீடு சொல்லிவிடும். போத்தலைச் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கேட்டவர்களுக்குச் சொன்னோம். சிலர் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார்கள். சிலர் பிறகு வரவில்லை. கோயிலில் தேருக்கு நின்ற ஒரு தாய் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, தன் மகளுக்கு ஆறு வருடமாக இருக்கிறதென்றும், தமக்கைக்குக்கூடச் சொல்லவில்லை என்றும் சொன்னார். இரண்டு மணித்தியாலம் நின்றபடியே கதைத்தோம். அவர் சொன்ன ஒரு விசயத்தை நாங்கள் இன்றும் கடைப்பிடிக்கிறோம்: காலமை எழும்பியதும் பிள்ளையின் விரலைப் பார்க்கவேண்டாம், முகத்தைப் பாருங்கோ.

அது இலேசில்லை. சாப்பிடாவிட்டால் நெஞ்சு இடிக்கும். கன்னம் சிவந்தால் வெயிலோ வெட்கமோ வருத்தமோ என்று ஆராயத் தோன்றும். வருத்தம் பற்றிய கேள்விகள் ஞாயிறு பின்னேரம் மட்டும் என்று ஓர் ஒப்பந்தம் செய்தோம். அவள் அதை ஆங்கிலத்தில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். நாங்கள் கையெழுத்திட்டோம். மற்ற ஆறு நாளும் அவள் மற்றப் பிள்ளைகளைப்போலக் கணக்குச் செய்யாததற்கும் அறையைக் கூட்டாததற்கும் ஏச்சு வாங்கினாள். ஏச்சு வாங்குவது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறோம்.

மூன்று மாதம் ஆறு மாதமானது. மூட்டு நோ விட்டுவிட்டது. விரல் இன்னும் வெளுக்கிறது. அந்த இலக்கம் இன்னும் போகவில்லை; புள்ளிகளும் பத்து வரவில்லை. 2024 இல் அவளுக்குப் 18 வயதானபோது சிக் கிட்ஸ் அவளைப் பெரியவர்களின் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டது. அதுதான் இங்கே முறை. புதிய இடத்தில் அவளுடைய சம்மதமில்லாமல் எங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். முதல்நாள் கூட வருகிறோம் என்றோம். தனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கிட்ட, தானே போகிறேன் என்றாள். எங்களில் ஒருவர் இரவு வேலை முடித்து வந்து நித்திரைகொள்ளாமல் இருந்தார். மத்தியானம் கைத்தொலைபேசியில் ஒரு வரி வந்தது.

"எல்லாம் ஓகே. ஆறு மாதத்துக்குப் பிறகு வரட்டாம்."

வைத்தியர் அவளோடு எவ்வளவு நேரம் கதைத்தார் என்று தெரியாது. அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிறு பின்னேரம்வரை நாங்கள் கேட்கவில்லை.